உதைக்கு முன்பே அஞ்சும் கை

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் பழைய உத்தி ஒன்று உண்டு. மாணவரை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, மேகசினில் தோட்டாக்களைத் தாங்களே நிரப்புவார்கள். நிஜத் தோட்டாக்கள் நாலைந்துக்கு நடுவே, வெடிமருந்தே இல்லாத டம்மித் தோட்டா ஒன்றைச் செருகிவிடுவார்கள். மாணவர் சுடத் தொடங்குவார். முதலாவது வெடிக்கும், இரண்டாவது வெடிக்கும். மூன்றாவது முறை டிரிக்கரை இழுக்கும்போது ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வரும். வெடிப்பும் இல்லை, உதைப்பும் இல்லை. ஆனாலும் துப்பாக்கியின் முனை, யாரோ மேலிருந்து தட்டியதுபோலச் சடக்கென்று கீழே இறங்கும்.

கையை அசைக்கவே இல்லை என்றுதான் மாணவர் அதுவரை நம்பிக்கொண்டிருந்திருப்பார். அசைத்தது அவருடைய கைதான். அவருக்குத் தெரியாமல் அசைத்தது, அவ்வளவுதான்.

முதன்முதலாகத் துப்பாக்கி வாங்கப் போகிறவர் அமெரிக்கக் கடைகளில் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்தக் காலிபர் நல்லது?’ என்பது. இதற்கு நூறு வருடங்களாக ஆளுக்கொரு பதில் சொல்லி வருகிறார்கள். அந்த வாதங்களில் பெரும்பாலானவை குண்டு போய்ப் படும் இடத்தைப் பற்றியவை. என் மனம் போவதோ, கண நேரத்தில் இறங்கிய அந்த முனையிடம். காலிபர் பற்றிய கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லையே பார்த்துவிடலாம். காலிபர் என்பது குழலின் உள்விட்டம். அரபு மொழியில் வார்ப்பு அச்சைக் குறிக்கும் ‘காலிப்’ என்ற சொல்லிலிருந்து இத்தாலி, பிரான்ஸ் வழியாக இது வந்ததாகச் சொல்வார்கள். அதற்கும் முந்தைய வேர், செருப்புத் தைப்பவர் காலளவுக்கு வைத்திருக்கும் மரக்கட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்பதும் ஒரு கருத்து. .22 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, .45 என்றால் 45 பங்கு. நம் ஊர் வங்கி வாசலில் காவலர் வைத்திருக்கும் ‘பன்னிரண்டு போர்’ துப்பாக்கிக்குக் கணக்கு வேறு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும். அதனால்தான் அங்கே எண் கூடக் கூடக் குழல் சிறுத்துப்போகிறது.

அளவு என்று சொல்லிக்கொள்ளும் இந்த எண்கள் எல்லாமே உண்மை பேசுவதில்லை. .38 ஸ்பெஷல் என்ற புகழ்பெற்ற ரிவால்வர் தோட்டாவின் குண்டை அளந்தால் .357 அங்குலம்தான் இருக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1898-ல் கொண்டுவந்த தோட்டா அது. 1935-ல் அதே நிறுவனம் அதே விட்டமுள்ள குண்டை வைத்து, கூடுதல் வேகம் உள்ள தோட்டா ஒன்றைச் செய்து .357 மேக்னம் என்று பெயர் வைத்தது. இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான். ஒன்றன் பெயர் அளவைச் சொல்கிறது, மற்றதன் பெயர் வரலாற்றைச் சொல்கிறது.

அந்த வரலாறு சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஒவ்வொரு அறையிலும் மருந்தும் குண்டும் தனித்தனியாகக் கிட்டித்த ரிவால்வர்கள்தாம் புழங்கின. உலோகக் கூட்டுக்குள் எல்லாம் அடங்கிய தோட்டா வந்ததும் அந்தப் பழைய ரிவால்வர்களையே மாற்றியமைத்துப் பயன்படுத்தினார்கள். அறை நேரான துளையாக இருந்ததால் கூடும் குண்டும் வெளிப்பக்கம் ஒரே பருமனில் இருக்க வேண்டியிருந்தது. குண்டின் பின்பகுதியை மட்டும் இளைக்கச் செய்து கூட்டுக்குள் செருகினார்கள். பிற்பாடு குண்டு முழுவதையும் கூட்டுக்குள் அடக்கியபோது, கூட்டுச் சுவரின் தடிப்பு அளவுக்குக் குண்டு இளைத்தது. பழகிப்போன பெயரை யாரும் மாற்றவில்லை. இன்று உலகெங்கும் விற்கும் தோட்டாக்களில் அந்தப் பழைய உருவை இன்னும் விடாமல் வைத்திருப்பது எளிய .22 லாங் ரைஃபிள். அதன் குண்டும் கூடும் இன்றைக்கும் ஒரே பருமன்.

ரஷ்யர்களின் 9 மி.மீ. மகரோவ் குண்டு உண்மையில் 9.2 மி.மீ.க்கும் சற்று மேல். குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் புரிகளில் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. மேட்டிலிருந்து மேட்டுக்கு அளந்தால் ஓர் எண் வரும், பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தால் வேறோர் எண் வரும். அவர்கள் மேட்டை அளந்தார்கள். ஆக, கடைக்காரர் சொல்லும் எண்ணைப் பெயர் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. கோடம்பாக்கம் என்றால் அங்கே இன்று குதிரை லாயமா இருக்கிறது?

பெயரை விட்டு இயற்பியலுக்கு வருவோம். உலகில் மிகப் பரவலான கைத்துப்பாக்கித் தோட்டா 9 மி.மீ. பாராபெல்லம். ஜெர்மனியில் கேயார்க் லூகர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தது. அதன் வழக்கமான குண்டு ஒன்றின் எடை சுமார் 7.5 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 360 மீட்டர். அமெரிக்கர்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்ட .45 ஏ.சி.பி. குண்டின் எடை அதைப்போல் இரு மடங்கு, சுமார் 15 கிராம். வேகம் குறைவு, நொடிக்கு 255 மீட்டர் அளவில்தான் போகும். இரண்டின் இயக்க ஆற்றலையும் கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஒரே எண் வருகிறது: 480 ஜூல் சொச்சம்.

அப்படியென்றால் இரண்டும் ஒரே மாதிரி உதைக்க வேண்டுமே? உதைக்காது. கை உணர்வது உந்தத்தை. ஆற்றலுக்கு வேகத்தின் வர்க்கம் கணக்கு, உந்தத்துக்கு வெறும் வேகமே போதும். எடையைக் கிலோகிராமாக மாற்றி வேகத்தால் பெருக்கிப் பாருங்கள்: 9 மி.மீ.க்கு 2.7, .45-க்கு 3.8. குண்டு முன்னே கொண்டுபோகும் உந்தம் எவ்வளவோ அவ்வளவும் துப்பாக்கிக்குப் பின்னோக்கி வந்தே தீரும். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த நியூட்டனின் மூன்றாம் விதி, உள்ளங்கையின் பெருவிரல் கவட்டில் வந்து அறைகிறது. .22 லாங் ரைஃபிளின் குண்டு 2.6 கிராம், கைத்துப்பாக்கியில் வேகம் நொடிக்கு சுமார் 320 மீட்டர். உந்தம் வெறும் 0.8. மேக்னம் வகைகளில் பெயர்பெற்ற .44-க்கு இது 6-ஐத் தாண்டும்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. துப்பாக்கி பின்னோக்கி வரும் ஆற்றல், உந்தத்தின் வர்க்கத்தைத் துப்பாக்கி எடையின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. 800 கிராம் துப்பாக்கியில் சுட்ட அதே தோட்டாவை 400 கிராம் துப்பாக்கியில் சுட்டால் உதைப்பின் ஆற்றல் இரட்டிப்பாகும். முதன்முதலாக வாங்க வருபவருக்கு, அதிலும் பெண்களுக்கு, ‘உங்கள் கைக்கு இது அடக்கமாக இருக்கும்’ என்று கைக்குட்டை அளவுத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக் காட்டும் வழக்கம் அங்குள்ள கடைகளில் நெடுநாள் உண்டு. எனக்கு இதில் கோபமே வருகிறது. சுடப் பழகாத கைக்கு உலகிலேயே சிரமமான பொருளை, சுலபமானது என்று சொல்லி நீட்டுகிறார்கள். பிடித்துக்கொள்ள இரண்டு விரலுக்கு மட்டுமே இடம். குறிபார்க்கும் இரண்டு முனைகளும் நெருங்கி நிற்பதால் சிறு பிழையும் பெரிதாகும். எடை இல்லாததால் உதையெல்லாம் கைக்கே.

.380 என்ற சிறு தோட்டாவின் கதை இன்னும் விசித்திரம். 9 மி.மீ.யைவிட வலு குறைந்தது, குண்டின் விட்டம் அதேதான். வலு குறைந்ததால் மென்மையாக இருக்கும் என்று நம்பி வாங்குவார்கள். ஆனால் பழைய பாணி .380 பிஸ்டல் பலவற்றில் குழல் அசையாமல் நிற்க, பின்னே ஓடும் மேல்தகட்டின் எடையும் சுருள்வில்லின் இறுக்கமும் மட்டுமே வெடிப்பைத் தாங்கியாக வேண்டும். அதனால் வில்லைக் கடினமாக வைப்பார்கள். தகட்டைக் கையால் பின்னிழுக்கவே வலு வேண்டும். வெடிப்பின் அதிர்ச்சியும் முழுவதும் ஒரே அடியாக வந்து சேரும். 9 மி.மீ.யில் பெரும்பாலும் வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் காட்டிய வழி: குழலும் தகட்டும் முதலில் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு பின்னே நகர்ந்து, அழுத்தம் தணிந்த பிறகு குழல் சற்றே சாய்ந்து விடுபடும். உதைப்பு சில மில்லி நொடிகளுக்குப் பரவிவிடுகிறது. வலு கூடிய தோட்டா கைக்கு இதமாக இருப்பதன் காரணம் இதுதான்.

இனி அந்த ‘டிக்’ ஓசைக்குத் திரும்புவோம். குண்டு குழலை விட்டு வெளியேற எவ்வளவு நேரம் ஆகிறது? பத்து சென்டிமீட்டர் குழலில், நின்ற நிலையிலிருந்து 360 மீட்டர் வேகத்தை எட்டும் குண்டுக்கு, ஒரு நொடியை ஆயிரமாக்கினால் அதில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. அதற்குள் துப்பாக்கி எவ்வளவு பின்னே வந்திருக்கும்? குண்டின் எடை துப்பாக்கியின் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆகவே குண்டு பத்து சென்டிமீட்டர் முன்னே போவதற்குள் துப்பாக்கி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பின்னே வந்திருக்கும். கடுகு உருள்கிற தூரம்கூட இல்லை.

முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது திரும்பவும் போட்டேன், நம்ப முடியாமல். கையைத் தூக்கியடிக்கும் அந்த உதைப்பு, அதன் பெரும்பகுதி, குண்டு போன பிறகு நடப்பது. ஏழு மீட்டர் தூரத்தில் அரைச் சாண் தள்ளிப் பட்ட குண்டுக்கு அந்த உதைப்பு பொறுப்பாளி இல்லை. குழல் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால் ஏழு மீட்டரில் பன்னிரண்டு சென்டிமீட்டர் விலகும். அந்தப் பாகை வெடிப்புக்கு முன்பே சாய்ந்துவிட்டது.

வெடிப்பை உணர்ந்து கை எதிர்வினை ஆற்றியிருக்கவும் வழியில்லை. கையில் ஏதோ பட்டதை உணர்ந்து மூளை ஆணை அனுப்பி விரல் அசைய நூறு மில்லி நொடிக்கு மேல் பிடிக்கும். மூளைவரை போகாமல் தண்டுவடத்திலேயே திரும்பும் அனிச்சைச் செயலுக்குக்கூடச் சில பத்து மில்லி நொடிகள் ஆகும். ஒரு மில்லி நொடிக்குள் நடந்து முடிந்ததற்கு எந்த நரம்பாலும் ஈடுகொடுக்க முடியாது. ஆக, அந்த அசைவு நடந்ததற்கான பதில் அல்ல. நடக்கப்போவதற்கான பதில்.

நம் உடம்பு இதை ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருக்கிறது. தினமும் ஒரே வழியில் நின்றுகொண்டு போகும் பேருந்துப் பயணியைப் பாருங்கள். வளைவு வருவதற்குள் அவருடைய இடுப்பு தானாகவே எதிர்ப்பக்கம் சாயும், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். மூட்டை தலையில் இறங்குவதற்கு ஒரு கணம் முன்பே சுமைதூக்குபவரின் கழுத்து இறுகிவிடும். மேலிருந்து விழும் பந்தைப் பிடிப்பவரின் தசைகள், பந்து படுவதற்கு முன்பே விறைக்கத் தொடங்குகின்றன என்பது ஆய்வகங்களில் அளந்து பார்த்த உண்மை. வரப்போகும் அடியைக் கணித்து அதற்கேற்ற எதிரடியை முன்கூட்டியே வைப்பது மூளையின் மிகப் பெரிய திறமைகளில் ஒன்று. அது இல்லாவிட்டால் நடக்கவே முடியாது. அதே திறமைதான் இங்கே காலை வாருகிறது. துப்பாக்கி மேலே துள்ளும் என்று மூளை நாலைந்து வெடிப்பில் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை, துள்ளலைச் சமன்செய்ய முனையைக் கீழே அழுத்துகிறது. ஒரு கணம் முந்திக்கொண்டு அழுத்துகிறது. ஆங்கிலத்தில் இதை ‘ஃப்ளின்ச்’ என்பார்கள். கோழைத்தனம் என்று நினைத்துப் பலர் வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மூளை நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி.

உதைப்போடு ஓசையும் சேர்ந்துகொள்கிறது. கைத்துப்பாக்கி எதுவானாலும், .22 உட்பட, வெடிக்கும் கணத்தில் ஓசை 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடிப்பில் செவிக்குக் கேடு செய்யக்கூடிய எல்லை அது. கண் இமைகள் தாமாக மூடிக்கொள்ளும். காதடைப்பானுக்கு மேல் காதுறையும் போட்டுக்கொள்ளச் சொல்வது செவியைக் காக்க மட்டுமல்ல. ஓசை குறைந்தால் கை முந்திக்கொள்வதும் குறைகிறது.

இத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு நூறாண்டு வாதத்தைப் பார்த்தால், எல்லோரும் குழலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது புரியும். பிலிப்பைன்ஸ் போரில் .38 ரிவால்வர் எதிரியை நிறுத்தவில்லை என்று அமெரிக்க ராணுவம் குமுறியது. 1904-ல் ஜான் தாம்ப்சன் என்ற அதிகாரியும் லூயி லாகார்ட் என்ற மருத்துவரும் சிகாகோ கசாப்புத் தொழுவங்களில் மாடுகளையும், தனியே மனிதச் சடலங்களையும் சுட்டுச் சோதித்தார்கள். படிக்கவே வயிற்றைப் பிசையும் சோதனை. .45-க்குக் குறையக் கூடாது என்றார்கள். அதிலிருந்து பிறந்தது 1911-ல் ராணுவம் ஏற்றுக்கொண்ட பிரவுனிங்கின் .45 பிஸ்டல். 1985-ல் அதே ராணுவம் 9 மி.மீ.க்கு மாறியது.

மறு ஆண்டே, 1986 ஏப்ரல் 11 அன்று, மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். அவர்கள் சுட்ட ஒரு 9 மி.மீ. குண்டு எதிராளியின் இதயத்தை எட்டாமல் நின்றதே காரணம் என்று பேசப்பட்டது. எஃப்.பி.ஐ. முரட்டுத்தனமான 10 மி.மீ.க்குப் போனது. அதன் முழு வலுவைப் பலரால் தாங்க முடியாமல் மருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்ததும் கூட்டில் இடம் மிஞ்சியது. கூட்டைச் சுருக்கி 1990-ல் .40 வந்தது. 2014-ல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு கணக்கெல்லாம் பார்த்து மீண்டும் 9 மி.மீ.தான் என்றது. குண்டுகளின் வடிவமைப்பு மேம்பட்டுவிட்டது ஒரு காரணம். மற்ற காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அவர்களுடைய ஆட்களில் பெரும்பாலானோர் 9 மி.மீ.யில் வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள். சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கையிடம் வந்து நின்றார்கள்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு இடம் கிடையாது. 9 மி.மீ. இங்கே சாதாரணக் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. உரிமம் பெற்றவர்களுக்குக் கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் போன்றவைதான். ஆனால் விளையாட்டாகச் சுடப் பழகும் நம் பிள்ளைகள், அறிந்தோ அறியாமலோ, மிகச் சரியான இடத்தில் தொடங்குகிறார்கள். அவர்களுடைய முதல் துப்பாக்கி 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி. அரை கிராம் ஈயச் சில்லு, நொடிக்கு 150 மீட்டர் அளவு வேகம். உந்தம் 9 மி.மீ.யினுடையதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. உதைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லாததால் மூளை தவறான பாடத்தைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே இல்லை. பத்து மீட்டருக்கு அப்பால் 11.5 மி.மீ. விட்டமுள்ள நடுவட்டத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான் உலகம். 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது இந்தத் துப்பாக்கியில். அதற்கு அடுத்த படியான 25 மீட்டர் போட்டிகளில் கையில் இருப்பது .22. விஜய் குமார் 2012-ல் லண்டனில் வெள்ளி வென்றது அதில்.

ஆகவே முதல் கைத்துப்பாக்கிக்கு எது என்று என்னைக் கேட்டால், .22 என்றுதான் சொல்வேன். முழு அளவும் நல்ல எடையும் உள்ள .22. தோட்டா மலிவு, அதனால் ஆயிரக்கணக்கில் சுடலாம். 1887 முதல் கிட்டத்தட்ட மாறாமல் வரும் இதன் குறையும் சொல்லியாக வேண்டும். மற்றவற்றில் கூட்டின் அடியில் நடுவே தனிக் குப்பியாக இருக்கும் பற்றவைப்பு மருந்து, .22-ல் விளிம்பு மடிப்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கிறது. எங்காவது ஓரிடத்தில் பரவாமல் விட்டுப்போய், ஊசி அங்கேயே அடித்தால் வெடிக்காது. உயிர் காக்க நம்பியிருப்பவருக்கு இது பெரிய குறைதான். அந்தத் தேவை உள்ளவர் .22-ல் கை பழகிய பின், நடுத்தர எடையுள்ள 9 மி.மீ.க்கோ, அல்லது கனமான .357 ரிவால்வர் ஒன்றை வாங்கி அதில் .38 தோட்டாக்களைப் போட்டுச் சுடுவதற்கோ போகலாம். .357-ன் கூடு .38-ஐவிட மூன்று மி.மீ. சொச்சம் நீளம், ஆகவே சிறியது பெரியதற்குள் போகும், பெரியது சிறியதற்குள் போகாது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். .22 பொம்மை என்றும் யாரும் நினைத்துவிடக் கூடாது. மேல்நோக்கிச் சுட்ட அந்த இரண்டரை கிராம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். வீட்டில் பூட்டி வைக்க வழியில்லாதவருக்கு எந்தக் காலிபரும் சரியான காலிபர் இல்லை.

பழகும் இடத்தில், சில சமயம் வெடிக்காமல் போகும் அந்தக் குறையே ஒரு கொடையாகிறது. வெடிக்காத .22 ஒன்று அவ்வப்போது தானாகவே டம்மித் தோட்டாவின் வேலையைச் செய்துவிடும். மாணவரும் ஆசிரியரும் எதிர்பார்க்காத நேரத்தில் ‘டிக்’. அப்போது எல்லோருடைய கண்ணும் முனையைப் பார்க்கும். (வெடிக்காத தோட்டா சற்றுத் தாமதித்தும் வெடிக்கலாம் என்பதால், முனையை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிடமாவது காத்திருப்பார்கள்.)

இன்னொரு பயிற்சியும் உண்டு. துப்பாக்கியைக் காலிசெய்து, இரண்டு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, அறைக்குள் டம்மித் தோட்டா ஒன்றை வைப்பார்கள். பழைய .22 சிலவற்றில் வெறும் அறையில் ஊசி அடித்தால் அறையின் விளிம்பு நசுங்கும், அதற்காகத்தான் இது. பிறகு முன்பக்கக் குறிமுனையின் மேல் ஒரு நாணயத்தைப் படுக்க வைப்பார்கள். மாணவர் டிரிக்கரை மெல்ல, மிக மெல்ல இழுக்க வேண்டும். முதல் நாள் நாணயம் தரையில் உருண்டு ஓடும். எடுத்து மறுபடி வைப்பார்கள். சில வாரங்கள் போனால், ‘டிக்’ என்ற ஓசைக்குப் பிறகும் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.